எச்சரிக்கை வேறு, விற்பனை வேறு

அன்புள்ள மருமகளுக்கு,

கல்லூரிக்காக வாங்கிய லேப்டாப்பில் இலவச ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறாய். புராஜெக்ட் எழுத உட்கார்ந்தால் போதும், திரையின் மூலையில் 'அப்கிரேட் செய்' என்று ஒரு பாப்-அப் வந்து நிற்கிறது, அதை ஒரேயடியாக நிறுத்த வழி சொல்லுங்கள் அத்தை என்று கேட்டிருந்தாய். வழி இருக்கிறது. ஆனால் விளம்பரத்தின் வாயை அடைக்கப்போய் நிஜமான எச்சரிக்கையின் வாயையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். அது கைவந்துவிட்டால் மீதி வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த மென்பொருள்கள் ஏன் இப்படி நச்சரிக்கின்றன? அவாஸ்டை எடுத்துக்கொள். 1988இல் பிராக் நகரில் பாவெல் பவுடிஷ் என்பவர் 'வியன்னா' என்ற வைரஸை நீக்க ஒரு நிரல் எழுதினார். அவரும் எட்வர்ட் குசேராவும் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 2001இல் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், உலகெங்கும் பரவியது. 2016இல் அவாஸ்ட் நிறுவனம் ஏவிஜியை 130 கோடி டாலருக்கு வாங்கியது. நார்ட்டன் நிறுவனம் 2021இல் அவிராவையும், 2022இல் அவாஸ்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்று இந்த நான்கு பெயர்களுக்கும் உரிமையாளர் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனம். ஆகவே அவாஸ்டின் தொல்லை தாங்காமல் ஏவிஜிக்கோ அவிராவுக்கோ மாறுவது, ஒரே கடைக்குள் இன்னொரு வாசல் வழியாக நுழைவதுதான்.

இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களில் ஒரு பகுதியினரைப் பணம் கட்டவைப்பதில்தான் இந்தத் தொழிலின் வருமானம் இருக்கிறது. பாப்-அப் அதற்கான விற்பனையாளர். அதோடு நிற்காத காலமும் உண்டு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றது. 2020இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. காவலுக்கு வைத்த மென்பொருளே வீட்டுக் கதையை வெளியே விற்கலாம் என்பதை நீ மறக்கவே கூடாது.

இனி அந்தப் பாப்-அப்கள் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது' என்று சிவப்பில் ஒன்று வரும். நீ திறக்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஐபி முகவரி தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தை உனக்கு எங்கே அனுப்புவது? இணையம் இயங்கும் முறையே அதுதான். இந்தப் பயமுறுத்தலின் நோக்கம் விபிஎன் விற்பது. 'இத்தனை ஜிபி குப்பை சேர்ந்துள்ளது' என்பது க்ளீனர் விற்க. குப்பை என்று அது சொல்வதில் பெரும்பகுதி தற்காலிக ஃபைல்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் நீயே இலவசமாக நீக்கலாம். 'டிரைவர்கள் பழையதாகிவிட்டன' என்பது டிரைவர் அப்டேட்டர் விற்க. தேவையான டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடும். ஸ்கேன் முடிந்ததும் 'மேம்பட்ட சிக்கல்கள்' என்று ஒரு பட்டியலைக் காட்டி, சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் விலைப்பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் பட்டியலில் இருப்பது வைரஸ் அல்ல. காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் என்னென்ன கிடைக்கும் என்பதுதான்.

நிஜ எச்சரிக்கை இப்படிப் பேசாது. எந்த ஃபைல், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் சிக்கிய தீநிரலின் பெயர் என்ன, அதைத் தடுத்தாயிற்றா, குவாரன்டைனில் வைத்தாயிற்றா என்று குறிப்பாகச் சொல்லும். பெரும்பாலும் நீ பார்க்கும்போதே வேலை முடிந்திருக்கும். விலை, தள்ளுபடி, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அது விற்பனை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. மூன்றிலும் அதுதான் ஆபத்தானது. நீ போட்டே இராத ஆன்டிவைரஸின் பெயரில் 'சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள்' என்று வரும். அது உன் ஆன்டிவைரஸிலிருந்து வருவதில்லை. ஏதோ ஓர் இணையதளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது யாரோ 'அலவ்' அழுத்தியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்தக் கட்டத்திலேயே குரோமின் பெயரும் இணையதள முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போ. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடு. அந்தப் போலி அறிவிப்பில் தொலைபேசி எண் இருந்தால் அதை மட்டும் எக்காரணம் கொண்டும் அழைக்காதே.

யார் பேசுவது என்று தெரிந்துவிட்டதா? இனி நிறுத்தும் வேலை. முதலில் ஆன்டிவைரஸின் செட்டிங்ஸைத் திற. அவாஸ்டில் ஜெனரல் பகுதிக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், பெர்சனல் பிரைவசி என்ற இரண்டு இடங்களையும் நிதானமாகப் படி. உன் பயன்பாட்டு விவரங்களைப் பகிர்வது, அதை வைத்து உனக்குச் சலுகைகள் காட்டுவது ஆகியவற்றுக்கான டிக்குகளை எடுத்துவிடு. முழுத்திரையில் வேலை செய்யும்போது தொந்தரவு செய்யாதிருக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' வசதியையும் போட்டுக்கொள். அடுத்து, விண்டோஸின் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் எந்தெந்தச் செயலி குரல் கொடுக்கலாம் என்று பார். ஆனால் பல ஆன்டிவைரஸ்கள் விண்டோஸின் வழியாக வராமல் தாங்களே ஒரு ஜன்னலை வரைந்து காட்டுகின்றன. அவை இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காது. சில மென்பொருள்களில் விளம்பரத்தை முற்றாக அணைக்கும் வசதி காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் பலரும் குறுக்கு வழி தேடுவார்கள். அவிராவில் ஒரு காலத்தில் விளம்பரம் காட்டுவதற்கென்றே 'ஏவிநோட்டிஃபை' என்று தனி ஃபைல் இருந்தது. அது இயங்காதபடி விண்டோஸின் பாதுகாப்புக் கொள்கையில் தடை போட்டுவைத்தார்கள். வேலை செய்தது. பிறகு வந்த பதிப்புகளில் வேறொரு பெயரில் வேறொரு ஃபைல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க முடியுமா? அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆன்டிவைரஸ் தன் ஃபைல்களை யாரும் தொடாதபடி காத்துக்கொள்ளும். அந்தக் காவலை அணைத்துவிட்டு உள்ளே கைவைத்தால், விளம்பரத்தோடு அப்டேட்டும் நின்றுபோகலாம். அதுபற்றி உனக்குத் தெரியவும் வராது. அமைதியாக இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருப்பாய். அதனால் இந்த வழியை நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்லும் வழி எளிது: அந்த இலவச ஆன்டிவைரஸையே எடுத்துவிடு. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். நீ வேறொன்றைப் போட்டதால்தான் அது ஒதுங்கி நிற்கிறது. ஜெர்மனியில் மாக்டபுர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் 18 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது. அதில் டிஃபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஒரு மாணவியின் லேப்டாப்புக்கு இது தாராளமாகப் போதும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய். எதையோ விட்டுவிட்டுப் போனதாகத் தோன்றினால், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்து. அவாஸ்டுக்கு 'அவாஸ்ட் க்ளியர்', மெக்காஃபிக்கு 'எம்சிபிஆர்'. அவற்றை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தபின் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'ரியல்-டைம் ப்ரொடெக்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று உன் கண்ணால் பார். அங்கேயும் ஒன்டிரைவ் பற்றி மஞ்சள் குறியோடு ஒரு பரிந்துரை வரலாம். அதுவும் விற்பனைதான், 'டிஸ்மிஸ்' கொடுத்துவிடு.

பார்த்தது போதாது, சோதித்தும் விடு. ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஒரு ஃபைல் தருகிறது. மொத்தம் 68 எழுத்துகள்தான்; எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகப் பாவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை இறக்கிப் பார். டிஃபெண்டர் உடனே தடுத்தால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வரும் அறிவிப்பை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள். நிஜ எச்சரிக்கையின் முகம் அதுதான்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் எரிச்சல் மட்டுமல்ல. கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழகாத பெரியவர்கள் இந்தச் சிவப்புக் கட்டங்களைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாத சந்தாவுக்குக் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பயம் காட்டிப் பணம் கேட்பது தப்பு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதை நான் குறைசொல்லவில்லை. வாங்குவதானால் பாப்-அப்பிலிருந்து வாங்காதே. அதை மூடிவிட்டு, மறுநாள் நிதானமாக முகவரியை நீயே டைப் செய்து போ. இரண்டாம் ஆண்டுக்கு என்ன விலை, சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்பதைப் பார்த்த பிறகு முடிவுசெய்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் லேப்டாப்பை முடித்த கையோடு அப்பாவின் கம்ப்யூட்டரையும் பார்த்துவிடு. அவருடைய குரோமில் அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலை அவரையே திறக்கச் சொல்லி, அவர் கையாலேயே நீக்கவை. எங்கேயாவது சிக்கினால் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை