ஐம்பது விநாடிச் சலனப்படங்கள்

ஐம்பது விநாடி என்பது எவ்வளவு நேரம்? குழாயடியில் ஒரு குடம் நிரம்பக்கூட அது போதாது. காலை மணி அடித்ததும் நாம் வகுப்பிலிருந்து வந்து வரிசையில் நிற்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது. ஆயினும், உலகின் முதல் திரைப்படங்களுள் பல இந்த ஐம்பது விநாடிக்குள் தொடங்கி முடிந்துவிட்டன. அவற்றில் பேச்சில்லை, பாட்டில்லை; பெரும்பாலானவற்றில் கதையும் இல்லை. மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு, "அதில் ஒன்றுமே இல்லை" என்று சொல்லி எழுந்து வருகிற நமக்கு, அந்த ஐம்பது விநாடியில் அப்படி என்னதான் இருந்திருக்கும் என்ற ஐயம் எழுவது இயல்பே. அதைச் சற்று ஆராய்வோம்.

லியோன் நகரத்துச் சகோதரர்கள்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அந்துவான் லூமியேர் என்பவர் நிழற்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். ஓகுஸ்த், லூயி ஆகிய இருவரும் அவருடைய புதல்வர்கள். மூத்தவர் 1862ஆம் ஆண்டிலும், இளையவர் 1864ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள்.

அக்காலத்தில் அமெரிக்காவில் எடிசனின் கூடத்திலிருந்து 'கினிட்டோஸ்கோப்' என்னும் கருவி வெளிவந்திருந்தது. அது ஒரு மரப்பெட்டி. அதன் மேலுள்ள துளையில் கண்ணை வைத்துக் குனிந்து பார்த்தால் உள்ளே படம் அசையும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க இயலும். அதே படத்தைப் பலர் ஒன்றாக அமர்ந்து திரையில் காணச் செய்ய வேண்டும் என்பதே லூமியேர் சகோதரர்களின் முயற்சி. 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் 'சினிமாட்டோகிராப்' என்ற தங்கள் கருவிக்கு அவர்கள் காப்புரிமை பெற்றனர். படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது ஆகிய மூன்று வேலைகளையும் அந்த ஒரே பெட்டி செய்தது. கையால் கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடிக்கலாம். ஆகவே, மின்சாரம் இல்லாத ஊர்களுக்கும் அதைத் தூக்கிச் செல்ல முடிந்தது.

தையல் இயந்திரம் கற்பித்த பாடம்

இக்கருவியின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நாம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. தையல் வகுப்புக்குப் போனால் போதும். தையல் இயந்திரத்தில் ஊசி மேலே இருக்கும்போது, கீழேயுள்ள பற்கள் துணியைச் சிறிது தள்ளுகின்றன. ஊசி துணிக்குள் இறங்கும்போது துணி அசையாமல் நிற்கிறது. தள்ளுதல், நிற்றல், மீண்டும் தள்ளுதல் என்பதே அதன் முறை. லூயி லூமியேர் இந்த முறையிலிருந்தே தம் கருவிக்கு வழி கண்டார் என்பர். இரண்டு சிறு கொக்கிகள் படச்சுருளின் ஓரத்துளைகளில் நுழைந்து அதை ஒரு படத்தின் அளவு கீழே இழுக்கும். அந்நேரத்தில் ஒரு மூடி வெளிச்சத்தை மறைக்கும். பிறகு சுருள் நிற்கும், மூடி விலகும், வெளிச்சம் பாயும். இவ்வாறு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 16 முறை நடைபெறும்.

திரையில் விழுவன யாவும் அசையாப் படங்களே. அவற்றை இணைத்து அசைவாகக் காண்பவை நம் கண்ணும் மூளையுமே ஆகும். ஐயமிருப்பின், பழைய நோட்டுப் புத்தகத்தின் மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாகப் பறவை ஒன்றைச் சிறகின் நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி வரைந்து, கட்டைவிரலால் விரைவாகப் புரட்டிப் பாருங்கள். பறவை பறக்கும்!

ஒரு சுருளின் நீளம் ஏறக்குறைய 17 மீட்டர். அதில் அடங்கியவை எண்ணூறு, தொள்ளாயிரம் படங்கள். அதனால்தான் ஐம்பது விநாடி என்ற கணக்கு வந்தது. சுருள் தீர்ந்தால் படமும் தீர்ந்தது.

ஒரு பிராங்க் கட்டணம்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரின் கிராண்ட் கபே என்னும் காப்பி விடுதியின் அடித்தள அறையில், கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். கட்டணம் ஒரு பிராங்க். முதல் நாளில் பணம் கொடுத்து வந்தவர் 33 பேர் மட்டுமே. பத்துக் குறும்படங்கள் காட்டப்பட்டன. அடுத்த சில வாரங்களிலேயே வாசலில் நீண்ட வரிசை நின்றது.

அந்தப் பத்தினுள் மூன்றை மட்டும் இங்கே நோக்குவோம்.

முதலாவது, தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியே வரும் காட்சி. வாயிற்கதவு திறக்கிறது. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். மிதிவண்டியில் சில ஆண்கள் செல்கிறார்கள். ஒரு நாய் ஓடுகிறது. ஒரு பெண் தன் தோழியின் பாவாடையை விளையாட்டாகப் பிடித்து இழுத்துவிட்டுப் பிரிகிறாள். இவ்வளவுதான் படம். இக்காட்சியை மூன்று முறை எடுத்திருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றில் குதிரையில்லை, ஒன்றில் ஒரு குதிரை பூட்டிய வண்டி, மற்றொன்றில் இரு குதிரைகள். எனவே, தற்செயலாகக் கண்ணில் பட்டதை அவர்கள் படம் பிடித்துவிடவில்லை. கருவியை எங்கே நிறுத்துவது, கதவை எப்போது திறப்பது, ஐம்பது விநாடிக்குள் அத்தனை பேரும் எப்படி வெளியேறுவது என்றெல்லாம் எண்ணியே எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, குழந்தை உணவருந்தும் காட்சி. ஓகுஸ்தும் அவர் மனைவியும் தம் சிறு மகளுக்கு உணவூட்டுகிறார்கள். ஆனால் அன்று பார்த்தவர்களுள் பலர் வியந்தது குழந்தையைக் கண்டன்று. பின்னால் காற்றில் அசைந்த இலைகளைக் கண்டே! நாடக மேடையில் திரைச்சீலையில் எழுதிய மரத்தையே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். எந்த ஓவியரும் அசைக்காத இலை அசைந்தபோது வாயடைத்துப் போனார்கள். நாம் நாள்தோறும் வேப்பமரத்தடியில் நிற்கிறோம். இலை அசைவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

மூன்றாவது, சிரிப்புப் படம். தோட்டக்காரர் ஒருவர் குழாயால் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னால் வந்த சிறுவன் குழாயை மிதிக்கிறான், நீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். அவர் முகத்தில் நீர் பீய்ச்சி அடிக்கிறது! ஓடும் பையனைப் பிடித்த தோட்டக்காரர், அவனைப் பிடித்த இடத்திலேயே அடிக்கவில்லை. நம் கண்முன் இழுத்து வந்துதான் அடிக்கிறார். ஏன் தெரியுமா? அன்றைய கருவி இடம்விட்டு நகராது. ஆகவே, காட்சிதான் கருவியை நோக்கி வர வேண்டியிருந்தது.

இரயிலைக் கண்டு ஓடினார்களா?

லா சியோத்தா என்னும் ஊரின் நிலையத்துக்கு இரயில் வந்து நிற்கும் படத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. திரையில் இரயில் வருவதைக் கண்டு மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்களாம். பல நூல்களில் இது காணப்படுகிறது. ஆனால் அக்காலச் செய்திகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள், அவ்வாறு ஓடியதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறார்கள். மேலும், டிசம்பர் 28 காட்சியில் இப்படம் இடம்பெறவே இல்லை. அடுத்த ஆண்டில்தான் காட்டப்பட்டது. 'தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழியை வரலாறு படிக்கும்போதும் நாம் மறத்தலாகாது.

கன்னியர் மடப் பள்ளியில் பயின்ற பெண்

இனி நாம் அறிய வேண்டியவர் ஒரு பெண்மணி. அலிஸ் கீ என்பது அவர் பெயர். 1873ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதில் கன்னியர் மடப் பள்ளியில் தங்கிப் பயின்றவர். தந்தை இறந்தபின் குடும்ப பாரம் அழுத்தவே, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். 1894ஆம் ஆண்டில், நிழற்படக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் லியோன் கோமோன் என்பவரிடம் செயலாளராகச் சேர்ந்தார்.

1895ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் லூமியேர் சகோதரர்கள் பாரிசில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தொழிற்சாலைப் படத்தைக் காட்டினர். தாமும் அங்கிருந்ததாக அலிஸ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லோரும் கருவியை வியந்தனர். இவரோ, "தெருவையும் இரயிலையும் மட்டும் ஏன் காட்ட வேண்டும்? இதைக் கொண்டு ஒரு கதை சொல்லலாகாதா?" என்று எண்ணினார். முதலாளியிடம் அனுமதி கேட்டார். அலுவலக வேலை கெடாமல் செய்துகொள்ளலாம் என்று விடை கிடைத்தது.

அவ்வாறு பிறந்ததே 'முட்டைக்கோசுத் தேவதை'. பாப்பா முட்டைக்கோசுத் தோட்டத்தில் கிடைக்கும் என்று பிரெஞ்சுக் குழந்தைகளிடம் சொல்வது வழக்கம். அதை வைத்து, ஒரு தேவதை கோசுச் செடிகளுக்கிடையிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரும் காட்சியை ஒரு நிமிட அளவில் அமைத்தார். அதை எடுத்த ஆண்டு 1896 என்பர். இன்று காணக் கிடைக்கும் பிரதி 1900ஐ ஒட்டி எடுக்கப்பட்டதென ஆய்வாளர் கருதுகின்றனர். எப்படியாயினும், உலகின் முதல் பெண் இயக்குநர் அவரே. பின்னர் கோமோன் நிறுவனத்தின் படத்தயாரிப்பு முழுவதையும் அவரே நடத்தினார். 1906ஆம் ஆண்டில் இயேசுநாதரின் வாழ்வை 25 காட்சிகளாக, அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக எடுத்தார். ஒரு நிமிடத்தில் தொடங்கியவர் பத்தாண்டில் எட்டிய உயரம் இது. 1910இல் அமெரிக்காவில் சொந்தமாகப் பட நிறுவனமும் தொடங்கினார்.

ஆனால் நடந்தது என்ன? திரைப்பட வரலாறு எழுதியவர்கள் அவரை மறந்தனர். அவர் எடுத்த படங்கள் சில வேறு ஆடவர்களின் பெயரில் பதிவாயின. முதுமையில் அவர் தம் படங்களைத் தேடி அலைந்தார். கிடைத்தவை மிகச் சிலவே. 1968ஆம் ஆண்டில் தமது 94ஆம் வயதில் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்பு நூலாக வெளிவந்தது 1976ஆம் ஆண்டில்தான். அதன்பின்பே உலகம் அவர் பெயரை மெல்ல மெல்ல மீண்டும் சொல்லத் தொடங்கியது.

நம் நாட்டுக்கு வந்த கதை

பாரிசில் காட்டிய ஏழே மாதங்களுக்குள் லூமியேர் படங்கள் இந்தியாவை அடைந்தன. 1896ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் ஆறு குறும்படங்கள் காட்டப்பட்டன. தமிழகத்தின் ஊர்களுக்கு இவ்வியப்பைக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த இவர், 1905ஆம் ஆண்டில் துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். அச்சுருள்களுள் இயேசுநாதர் வாழ்வு பற்றியதும் ஒன்று.

எஞ்சியவை எத்தனை?

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. நாளடைவில் தானே மக்கிப் போவது. லூமியேர் நிறுவனத்தின் படங்கள் பேணிக் காக்கப்பட்டமையால் 1,400க்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அலிஸ் கீயின் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான 'கீசகவத'மும் இன்று இல்லை. போற்றிக் காத்தது நின்றது, காவாதது மறைந்தது. படத்துக்கு மட்டுமன்று, பெயருக்கும் இது பொருந்தும். தொழிற்சாலை வாயிலில் தோழியின் பாவாடையை இழுத்த அந்தப் பெண்ணை உலகமே பார்த்துவிட்டது. ஆனால் அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

நாம் செய்து பார்க்க

மாணவியரே, இப்பாடத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் வாயிலருகே ஓரிடத்தில் நில்லுங்கள். அசையாமல், பேசாமல், ஐம்பது விநாடி பாருங்கள். பிறகு கண்டவற்றையெல்லாம் தாளில் எழுதுங்கள். யார் யாருடைய தோளில் கை போட்டுச் சென்றார்கள்? கதவைத் திறந்துவிட்ட காவற்காரத் தாத்தாவிடம் யார் ஒரு வார்த்தை பேசினார்கள்? எவள் தனியே போனாள்? அவர்கள் பெயர்களையும் மறவாமல் எழுதுங்கள். தாளை மடித்துப் பத்திரப்படுத்துங்கள்.

நம் வீட்டிலும் இதுபோலவே. அம்மா விடியற்காலையில் அடுப்பங்கரையில் செய்யும் வேலையை நாம் ஐம்பது விநாடி நின்று பார்த்ததுண்டா? பார்த்திருந்தால், கேளாமலே நம் கை உதவிக்கு நீண்டிருக்கும். உற்று நோக்குவது அன்பின் முதற்படி. நோக்கியதைப் பெயரோடு நினைவில் வைப்பது அதன் அடுத்த படி. பேசாத அந்தச் சிறு படங்கள் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.