உறுதியும் உடன்படிக்கையும்

காணி விற்பனைச் சாசனத்தை யாழ்ப்பாணத்தவர் ‘உறுதி’ என்றே வழங்குவர். கடையில் நெல் வாங்குதலும் வேலையாளைக் கூலிக்கு அமர்த்துதலும் உடன்படிக்கைகளேயாயினும், அவற்றை எவரும் உறுதி என்று கூறார். வழக்கிலுள்ள இவ்வேற்றுமை சட்டத்திலும் உண்டு.

ஆங்கிலச் சட்ட நூல்களைப் பயின்ற மாணவர் அதனை அரக்கு முத்திரையிலும் பிரதிபயனிலும் தேடுவர். உடன்படிக்கைக்குப் பிரதிபயன் வேண்டும், முத்திரையிட்ட சாசனத்துக்கு அது வேண்டா என்பது இங்கிலாந்தின் பழைய விதி. (அங்கும் தனியாட்கள் முத்திரையிடவேண்டிய கட்டாயம் 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று.) இவ்வளவுகோல் நமக்குப் பொருந்தாது. இலங்கையில் நிலவும் உரோம டச்சுச் சட்டம், தகுந்த காரணத்தோடு மனமார அளித்த வாக்குறுதிக்குப் பிரதிபயனைக் கேட்பதில்லை. 1918 இல் ஜயவிக்கிரம - அமரசூரிய வழக்கில் பிரிவிக் கவுன்சில் இதனையே நிலைநாட்டிற்று.

நம் நாட்டில் வேற்றுமை தோன்றுமிடம் நொத்தாரிசின் மேசையே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியை விற்றலும் ஈடுவைத்தலும் எழுத்தில் அமைந்து, பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளேனும் ஒருங்கே இருக்கையில் கையொப்பம் இடப்பெறவேண்டும் என்கின்றது. ‘பின்னர் விற்பேன்’ என்னும் வாக்குறுதிக்கும் இவ்விதி உண்டு. இதனை மறந்து இடர்ப்படுவோர் பலர்.

ஒருவர் அயலவரின் நான்கு பரப்புக் காணிக்கு விலைபேசி, முற்பணம் கொடுத்து, முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டனர் என்க. விற்பவர் மனம் மாறின், அத்தாளைக் காட்டிக் காணியைப் பெறுதல் இயலாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவே. மகளுக்குச் சீதனமாக எண்ணிய வளவாயின், அவ்விழப்பைப் பணம் ஈடுசெய்யுமா? விலைபேசியது ஒரு பசுவாக இருந்து, முற்பணமும் கைமாறியிருப்பின், வாய்ச்சொல்லே வழக்குக்குப் போதும். பசுவுக்குப் போதுமான நம்பிக்கை காணிக்குப் போதாது என்பது சட்டத்தின் கருத்து. கடுமையானதே, ஆயினும், பொய்ச் சாட்சியால் பரம்பரை நிலத்தை இழத்தல் அதனினும் கடுமையன்றோ?

நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தியதோடும் காரியம் முடிவதில்லை. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியப்படாத உறுதியானது, அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதிக்கு எதிரே வலுவிழக்கும். வஞ்சனையோ கூட்டுச்சதியோ காட்டினாலன்றி மீட்சியில்லை. நொத்தாரிசு மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பும் இணைப்பிரதியையே பதிவெனச் சிலர் எண்ணி வாளாவிருப்பர். அது பதிவன்று. உறுதியைப் பதிவுக்குக் கொடுத்து, பதிவேட்டின் பக்க இலக்கம் அதில் எழுதப்பெற்று மீண்டதா என வாங்கியவரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.