கதவின் அடிவிளிம்பு

எங்கள் வாசல் கதவு தேக்கு. முதல் தடவை நானே வார்னிஷ் அடித்தபோது பழைய பூச்சைத் துணியால் துடைத்துவிட்டு அதன் மேலேயே இரண்டு கோட் இழுத்தேன். தீபாவளிக்குப் பளபளவென்று நின்றது. அடுத்த கோடையில் வெயில் படும் கீழ்ப்பாதி செதில் செதிலாக உரிந்து வந்தது. வழவழப்பான பழைய பூச்சில் புதுசு பிடிக்காது. மினுக்கு போகத் தேய்த்தால்தான் ஒட்டும்.

மறுமுறை பக்கத்துத் தெரு ஆசாரி கூட நின்றார். "தேய்க்கிறதுதான் தம்பி வேலை, அடிக்கிறது அரை நாள்" என்றார். பழையதை எடுக்க 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே கை போக வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் காய்ந்த மரத்தில் தெரியாது, வார்னிஷ் பட்டதும் கோடு கோடாக எழும்பும். அதனால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஏழெட்டு கீறல் சிக்கியது.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தோம். முதல் கோட்டுக்கு வார்னிஷில் டர்பன்டைன் கலந்து நீர்க்கவைத்தோம். அது காய்ந்ததும் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது; மரத்தின் நார் எழும்பி நிற்பதுதான் காரணம். 320-ஆல் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்து, நாளுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கோட். டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரைக் குமிழ் அப்படியே படிந்துவிடும். குச்சியால் மெல்லக் கிளறினால் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையே வேண்டாம். வெயில் படும் கதவுக்கு, வெளிப்புறத்துக்கென்றே விற்கும் வார்னிஷாக வாங்குங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒன்று: அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

கதவைக் கழற்றிப் படுக்கவைத்த அன்றுதான் அடிவிளிம்பைப் பார்த்தேன். ஒரு சொட்டு வார்னிஷ் படாத வெறும் மரம். மழைக்காலம் தோறும் கதவு இறுகுவதும், நாங்கள் இழைப்புளி போட்டுச் சீவுவதும் எதனால் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் மூன்று கோட் கொடுத்தோம். அதற்குப் பிறகு சீவவில்லை.

உங்கள் கதவின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள்.