கோது உங்களுடையது, கார்டில் இருப்பவை யாருடையவை?

கேள்வி: கட்டுகஸ்தோட்டையில் டீவி, போன் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கம்பளையில் ஒரு பழைய சாமான் கடையில் சின்ன வயதில் நாங்கள் விளையாடிய மாதிரியான டீவி கேம் பெட்டியொன்று கிடைத்தது. மேலே ஃபமிலி கம்பியூட்டர், நின்டெண்டோ என்று எழுதியிருக்கிறது. உள்ளே போர்ட் துருப்பிடித்திருந்ததால் கழற்றிவிட்டு, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியைப் பொருத்தினேன். ஜோய்ஸ்டிக்கை யூஎஸ்பிக்கு மாற்றி, எச்டிஎம்ஐ வயர் வழியாகப் புதிய டீவியில் ஓட வைத்துவிட்டேன். 64 ஜிபி கார்டில் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறார்கள். பேராதனைப் பக்கம் கோப்பிக் கடை வைத்திருக்கும் நண்பர் இரண்டு கேட்கிறார். மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கி விளையாட விடப் போகிறாராம். ஒன்லைனில் விளம்பரம் போடவும் யோசிக்கிறேன். “நாற்பது வருஷப் பழைய கேம், கம்பனிக்காரனுக்கே ஞாபகமிருக்காது” என்கிறார்கள் கூட்டாளிகள். “ஒருநாள் பொலிஸ் வரும்” என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி?
— வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: பெட்டியைத் திறந்ததற்காக யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். கார்டுக்காக வரலாம். அதை விற்கத் தொடங்கினால் மச்சானின் பேச்சுக்கு வலு கூடிவிடும்.

முதலில் கோதைப் பார்ப்போம். காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்களுடையது. அதைத் திறக்கலாம், வெட்டலாம், உள்ளே வேறு போர்ட் வைக்கலாம். ஃபமிலி கம்பியூட்டர், சுருக்கமாக ஃபமிகொம், ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15ஆம் திகதி. எங்கள் சட்டத்தில் கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை இருபது ஆண்டுகளோடு முடிகிறது; கைத்தொழில் வடிவமைப்புக்கான பாதுகாப்பு, புதுப்பித்துக்கொண்டே போனாலும், பதினைந்து ஆண்டுகளைத் தாண்டாது. ஆகவே அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டியின் வடிவத்தில் இன்று இவற்றின் பேரில் யாரும் உரிமை கோர முடியாது. அதே வடிவத்தில் புதிதாக ஒரு கோதை அச்சிட்டாலும் இந்த இரண்டு உரிமைகளும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

பெயருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வியாபாரக் குறியைப் பத்து ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தால் அது காலவரையின்றி உயிரோடிருக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 122ஆம் பிரிவை உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குறியின் கீழ் சட்டப்படி சந்தைக்கு வந்த பொருளை மற்றவர்கள் அதே குறியோடு விற்பதைக் குறியின் சொந்தக்காரர் தடுக்க முடியாது என்கிறது அது. பழைய டீவி, பழைய போன் விற்பவர்களுக்கெல்லாம் இதுதான் நிழல். ஆனால் அதோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: பொருளில் மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. நீங்கள் உள்ளே இருந்த முழுவதையும் மாற்றிவிட்டீர்கள். நின்டெண்டோ என்ற எழுத்தோடு அதை விற்றால், அந்தக் கம்பனி செய்யாத இயந்திரத்தை அதன் பெயரில் விற்கிறீர்கள். குறி இங்கே பதிவாகியிருக்கிறதா என்பதைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவில்லை என்று தெரிந்தாலும் ஆறுதலடைய வேண்டாம். வாங்குபவரைக் குழப்பும் செயலை நியாயமற்ற போட்டியாகக் கருதும் 160ஆம் பிரிவு பதிவைக் கேட்பதில்லை. ஆகவே விற்பதற்குரிய பெட்டியில் எழுத்தை அகற்றிவிடுங்கள். விளம்பரத்தில், பழைய விளையாட்டுப் பெட்டியின் கோதுக்குள் ராஸ்பெரி பை பொருத்திச் செய்தது என்று நேராகவே எழுதுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். உங்களிடமுள்ளது உண்மையிலேயே நின்டெண்டோ செய்ததா? எங்கள் பக்கத்து வீடுகளில் டீவி கேம் என்று இருந்தவற்றில் பெரும்பாலானவை தாய்வான், சீனப் பிரதிகள். அசலின் அடியில் எச்விசி-001 என்ற மாதிரி இலக்கம் இருக்கும். இரண்டு ஜோய்ஸ்டிக்கும் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும், கழற்றிப் பூட்ட முடியாது; முதலில் வந்த மாதிரிகளில் இரண்டாவதில் ஒரு சிறிய மைக்கும் இருக்கும். அது ஜப்பானின் 100 வோல்ட் மின்சாரத்துக்கும் அந்த நாட்டு டீவி அலைவரிசைக்கும் செய்யப்பட்டது. இங்கே 230 வோல்ட், டீவியோ பால் (PAL) என்ற வேறு முறை. அதனால் அசல் பெட்டி கண்டிக்கு வந்து சேர்ந்தாலும் அப்படியே ஓடியிருக்காது. பிரதி செய்தவர்கள் இந்த நாட்டு டீவிக்கு ஏற்றபடி செய்து அனுப்பினார்கள், பெயரையும் கூச்சமில்லாமல் ஒட்டினார்கள். உங்கள் பெட்டி பிரதியானால் 122ஆம் பிரிவு தொடக்கத்திலேயே உதவாது, ஏனென்றால் அது அந்தக் குறியின் கீழ் சட்டப்படி வந்த பொருளே இல்லை. எழுத்தை அகற்ற அது இன்னொரு காரணம். அசலாக இருந்தால் கழற்றிய போர்டை வீசிவிடாதீர்கள். துருவைச் சுத்தம் செய்து அதற்கு உயிர் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இது சட்ட ஆலோசனையில் சேராது, என் சொந்த ஆசை.

அடுத்தது எமுலேட்டர். பழைய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளைச் சொந்தமாக எழுதுவது குற்றமில்லை. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட வைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக சோனி போட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே நின்றது. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் நியாயமான பயன்பாடு பற்றிய எங்கள் 11ஆம் பிரிவு அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவின் அச்சில் வார்த்தது என்பதால், வாதத்தில் எடுத்துக்காட்டத் தடையில்லை. 2024 ஏப்ரலில் அப்பிள் நிறுவனமே தன் செயலிக் கடையில் பழைய விளையாட்டு எமுலேட்டர்களை அனுமதித்தது. அதே ஆண்டு மார்ச்சில் யூசு என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டொலர் கொடுத்து இணங்கிப் போனது வேறு சங்கதி. அப்போதும் விற்பனையிலிருந்த ஸ்விட்ச் இயந்திரத்தின் பூட்டை உடைப்பது பற்றியது அந்த வழக்கு. தொழில்நுட்பப் பூட்டுகளை உடைக்கும் கருவிகளை விற்பனைக்காகச் செய்வதற்கும் இறக்குமதி செய்வதற்கும் எங்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடை போடுகிறது. ஃபமிகொம் கசெட்டில் அப்படிப் பூட்டே கிடையாது.

எமுலேட்டர் இலவசம் என்பதால் அதை விற்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருள் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. மூல நிரலைக் கிடைக்கச் செய்தால் விற்கலாம். ஸ்னெஸ்9எக்ஸ் போன்றவை வியாபாரப் பயன்பாட்டை வெளிப்படையாகவே மறுக்கின்றன. இவற்றைக் கலந்து ஒரே பொதியாகக் கிடைப்பதைக் கார்டில் ஏற்றி விற்றால், எந்தப் பாகத்தின் உரிமத்தை மீறினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

இனி விளையாட்டுகள். கணினி நிரல் எங்கள் சட்டத்தில் புத்தகத்தைப் போலப் பாதுகாக்கப்படும் படைப்பு. ஜப்பானியப் படைப்புக்கு இங்கே என்ன உரிமை என்று கேட்கலாம். உறுப்பு நாடுகளின் படைப்புகளைப் பரஸ்பரம் பாதுகாக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே சேர்ந்துவிட்டது; ஜப்பானும் அதில் உண்டு. “பழசு” என்ற வாதத்தையும் பார்ப்போம். சூப்பர் மரியோ பிரதர்ஸ் வெளிவந்தது 1985 செப்ரெம்பரில். கூட்டுப் படைப்பாகக் கொண்டால், 13ஆம் பிரிவின்படி எழுபது ஆண்டுகள். 2055 வரை பாதுகாப்பு உண்டு. கம்பனி விற்கிறதா, மறந்துவிட்டதா என்று சட்டம் பார்ப்பதில்லை. உண்மையில் அவர்கள் மறக்கவுமில்லை: 2016இல் முப்பது பழைய விளையாட்டுகளை உள்ளே வைத்து ஒரு குட்டிப் பெட்டியாகத் திரும்ப விற்றார்கள்.

“நான் வீட்டில் விளையாடத்தானே இறக்கினேன்” என்பது எல்லாரும் பிடித்துத் தொங்கும் கயிறு. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவு கணினி நிரல்களை அதிலிருந்து விலக்கி, அவற்றுக்கென்று ஏழாம் உட்பிரிவில் ஒரு சிறிய கதவை மட்டும் திறக்கிறது: நிரலின் சட்டபூர்வமான பிரதி உங்கள் கையில் இருந்தால், அதைப் பாவிக்கத் தேவையான அளவுக்கோ, பாதுகாத்து வைக்கவோ, பழுதானால் பதிலுக்கு வைத்துக்கொள்ளவோ ஒரே ஒரு பிரதி எடுக்கலாம். அந்த அசல் உங்கள் கையை விட்டுப் போனால் பிரதியையும் அழித்துவிட வேண்டும்.

கண்டியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். எங்களிடம் இருந்த மஞ்சள் கசெட்டுகள், “9999 விளையாட்டு” என்று பெயர் போட்டு உள்ளே ஒரு சிலதையே நிறம் மாற்றி மாற்றி வைத்திருந்தவை, அவையே திருட்டுப் பிரதிகள். அப்படியொரு கசெட்டை அலுமாரியில் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாலும் நீங்கள் சட்டபூர்வமான பிரதியின் சொந்தக்காரர் ஆகமாட்டீர்கள். அசல் கசெட் வைத்திருந்து அதிலிருந்து நீங்களே நிரலை எடுத்திருந்தால் உங்களுக்காக நிமிர்ந்து நின்று வாதாடலாம். இன்டர்நெட்டில் இறக்கிய ஆயிரத்துக்கு அது முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் ஒரு கார்டைத் தேடி எவரும் வழக்குப் போடுவது நடைமுறையில் அரிது. விற்பனை தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. 178ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாம் முறை என்றால் அதன் இரட்டிப்பு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் அதை விற்பதும், விற்பனைக்குக் காட்சியில் வைப்பதும், வியாபாரத்துக்காக வைத்திருப்பதும் குற்றம்தான். ஒன்லைன் விளம்பரத்தில் “10,000 கேம் உள்ளே” என்று எழுதி உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் போட்டால், வழக்குத் தொடுப்பவருக்குச் சாட்சி தேடும் வேலை இருக்காது. உரிமையாளர் நட்டஈட்டுக்கும் தடை உத்தரவுக்கும் சிவில் வழக்குப் போட்டால், அது கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். ஒவ்வொரு தவணைக்கும் கடையைப் பூட்டிவிட்டு இறங்கிப் போக வேண்டியிருக்கும். 2018இல் நின்டெண்டோ வழக்குப் போட்ட லவ்ரோம்ஸ் தளத்தை நடத்தியவர்கள் 1.2 கோடி டொலருக்குத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. உங்கள் கடைக்கு அந்தக் கணக்கு வராது, ஆனால் பழைய விளையாட்டு என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை என்பதற்கு அதைச் சொல்கிறேன்.

பேராதனை நண்பரின் யோசனை எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. கணினி நிரலை வாடகைக்கு விடும் உரிமை 9ஆம் பிரிவின்படி படைப்பின் உரிமையாளருக்கே உரியது. வாடகையின் முக்கிய நோக்கம் நிரல் இல்லையென்றால் மட்டுமே விலக்கு, உதாரணமாக உள்ளே மென்பொருள் உள்ள ஒரு வாகனத்தை வாடகைக்கு எடுப்பது. மணித்தியாலக் கட்டணத்துக்கு விளையாட விடும் இடத்தில் விளையாட்டைத் தவிர வேறு நோக்கமில்லை. அதோடு திருட்டு நிரலை வைத்து வியாபார இலாபம் தேடுவதையே 178ஆம் பிரிவு தனிக் குற்றமாகவும் சொல்கிறது. கோப்பி மட்டும் விற்று விளையாட்டை இலவசமாக வைத்தாலும், வாடிக்கையாளரை இழுக்கத்தான் வைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை மறுக்க எனக்கு நல்ல பதில் தெரியவில்லை.

அப்படியானால் தொழிலாகச் செய்யவே முடியாதா? முடியும். உங்கள் கைவேலையை விற்கலாம். கார்டில் உரிமம் இடம் தரும் எமுலேட்டரை மட்டும் ஏற்றி, விளையாட்டு இல்லாமல் கொடுங்கள். இப்போதும் ஃபமிகொமுக்குப் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் மோர்ஃப்கட் கேம்ஸ் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ் அப்படி ஒன்று, அதன் கோப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரதி வாங்கி, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு ஏற்றிக் கொடுங்கள். “கேம் வேண்டுமென்றால் இந்தத் தளத்தில் இறக்குங்கள்” என்று வாடிக்கையாளருக்குத் துண்டில் எழுதிக் கொடுப்பது, பின்கதவால் ஏற்றிக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். குற்றத்துக்கு உடந்தை என்பதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் இடம் உண்டு.

சில்லறைச் சங்கதிகள் இரண்டு. ராஸ்பெரி பையில் வைஃபையும் புளூடூத்தும் இருப்பதால், மொத்தமாக இறக்குமதி செய்து விற்க நினைத்தால் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றி விசாரியுங்கள். உள்ளூர் விற்பனையாளரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குவது இலகு. விற்கும்போது பழைய கோது, புதிய உள்ளுறுப்பு, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான விவரணத்தையும் 30ஆம், 31ஆம் பிரிவுகளில் தடுக்கிறது.

நண்பருக்கு இப்போதைக்கு மறுத்துச் சொல்லிவிடுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியிலிருந்து அந்த 64 ஜிபி கார்டையும் இன்றே கழற்றி விடுங்கள்.