கோப்பையை மட்டும் எண்ணலாமா?
(கால்பந்துப் பயிற்சியாளர்களை அளக்க ஒரு கணக்கு)



ஒருநாள் ராத்திரி விடுதியில் பெரிய சண்டை. கால்பந்தில் தலைசிறந்த பயிற்சியாளர் யார்? "ஃபெர்குசன்தான்டா! 13 லீக் பட்டம். பேச்சுக்கே இடமில்லை" என்று அறைத்தோழன் முடித்துவிட்டான். நானோ மெக்கானிக்கல் மாணவன். அளக்காமல் ஒப்புக்கொள்வேனா? பேப்பரை எடுத்தேன்.

1. எண்ணிக்கை

அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை 27 சீசனில் 13 பட்டம் வென்றார். பாப் பெய்ஸ்லி லிவர்பூலில் 1974 முதல் 1983 வரை 9 சீசனில் 6 பட்டம். எண்ணிப் பார்த்தால் ஃபெர்குசன் இரண்டு மடங்குக்கும் மேல்.

2. விகிதம்

எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அறுவடை முடிந்ததும் யாராவது "எனக்கு நூறு மூட்டை கண்டுச்சு" என்று பெருமையடித்தால், "எத்தனை மாவுல?" என்றுதான் முதலில் கேட்பார். நாம் படிக்கும் எஃபிஷியன்ஸியும் அதுதானே! ஃபெர்குசன் 13/27, அதாவது 48 சதவீதம். பெய்ஸ்லி 6/9, அதாவது 67 சதவீதம். வரிசை தலைகீழ்!

நம் நாட்டில் அர்மாண்டோ கொலாசோ, கோவாவின் டெம்போ அணிக்கு 2004-05 முதல் 2011-12 வரை 8 சீசனில் 5 தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். 63 சதவீதம். ஆனால் இந்த 8 சீசன் பட்டத்தில் தொடங்கிப் பட்டத்தில் முடிகிறது. அதற்கு முன் அவர் உழைத்த வருடங்களையும் சேர்த்தால் சதவீதம் இறங்கும். எதை வகுக்கிறோம் என்பதோடு எதால் வகுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

3. தொடங்கிய இடம்

எங்க ஊரு பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. கல்லணைக்குப் பக்கத்து வயலுக்கு முதலில் தண்ணீர் பாயும். எங்களுக்கு வந்தால்தான் உண்டு. இரண்டு வயலிலும் ஒரே விளைச்சல் என்றால், யார் கெட்டிக்காரர்?

பெய்ஸ்லி கைக்கு வந்தது ஷாங்க்லி பண்படுத்திக் கொடுத்த வயல். ஃபெர்குசன் பொறுப்பேற்றபோது யுனைடெட் கடைசியிலிருந்து இரண்டாம் இடம். முதல் லீக் பட்டம் 1992-93-ல்தான் வந்தது.

நம் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணியைப் பாருங்கள். 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-வது இடம். 18 ஆட்டத்தில் 19 புள்ளி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பொறுப்பேற்றார். 2018-19-ல் 20 ஆட்டத்தில் 43 புள்ளி. 42 எடுத்த ஈஸ்ட் பெங்காலை முந்திச் சாம்பியன்! ஆட்டத்துக்கு 3 புள்ளி வீதம் கணக்கிட்டால் 35 சதவீதம் ஒரே வருடத்தில் 72 ஆனது. எண்ணிக்கையில் இது வெறும் 'ஒன்று'.

4. பூஜ்யம்

சையத் அப்துல் ரஹீம் பயிற்சியில் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. அவர் 1963-ல் காலமானார். தேசிய லீக் தொடங்கியதோ 1996-ல். என் சூத்திரப்படி அவருக்கு மார்க் பூஜ்யம்! மீட்டர் மாட்டாத வீட்டில் கரண்டே இல்லை என்று சொல்லலாமா? இங்கே தப்பு ரஹீமிடம் இல்லை, சூத்திரத்தில்.

முடிவுரை

ஆகவே நண்பர்களே, லீக் பட்டம் நல்ல அளவுகோல்தான். ஆனால் எத்தனை சீசனில், எங்கிருந்து என்று கேட்காமல் அதைத் தூக்காதீர்கள். என் ஓட்டு? ஃபெர்குசனுக்குத்தான். ஆனால் 13 என்பதற்காக அல்ல. கடைசியிலிருந்து இரண்டாம் இடத்தில் ஏற்று, 27 சீசன் தாக்குப்பிடித்ததற்காக.

இதை ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்? முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். கைநாட்டு வைக்கிற அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. போன செமஸ்டரில் எல்லாம் பாஸ், 61 சதவீதம் என்றபோது, "மொதல்ல எவ்வளவு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கணக்கில் பிழையிருந்தால் விடுதிக்கு வாருங்கள். பேப்பர் இன்னும் இருக்கிறது!