கணினிப் பாடம்: லினக்ஸில் டிஎன்எஸ் அமைப்பது எப்படி?



நமது இலவசப் பயிற்சி மையத்தில் எல்லாக் கணினிகளிலும் உபுண்டு லினக்ஸ்தான். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று, ஒரு கணினியில் மட்டும் விண்ணப்பத் தளம் திறக்கவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்த மாணவியின் விண்ணப்பத்தைப் பக்கத்துக் கணினியிலிருந்து அனுப்பிவிட்டோம். மறுநாள் காரணத்தைத் தேடினோம். தவறு எங்களுடையதே.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். நாம் தட்டும் தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைப்பதற்கு முன், எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பழைய முறையின் மிச்சம் இன்றும் லினக்ஸில் 'இடிசி' கோப்புறைக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பாக இருக்கிறது. வழக்கமாகக் கணினி முதலில் இதைப் பார்க்கும். இதில் பெயர் இல்லாவிட்டால்தான் டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கும்.

முன்பொரு நாள் அந்தத் தளம் திறக்காதபோது, அவசரத்துக்கு அதன் எண்ணை ஹோஸ்ட்ஸில் எழுதி, பிறகு அழிக்க மறந்துவிட்டோம். தளம் வேறு முகவரிக்குப் போன பின்னும் கணினி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. முனையத்தில் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டுத் தளப் பெயரைக் கொடுத்தால், கணினி எந்த எண்ணை நம்புகிறது என்று தெரியும். இப்போதெல்லாம் ஹோஸ்ட்ஸில் வரி சேர்த்தால், அதன் மேலேயே # குறியிட்டுத் தேதியையும் எழுதிவிடுகிறோம்.

சேவையகத்தை மாற்ற, பலர் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திருத்துகிறார்கள். உபுண்டுவில் அது நிலைக்காது. அங்கிருப்பது வெறும் இணைப்பு. கணினியே அதைத் திரும்ப எழுதிக்கொள்ளும். உள்ளே காணப்படும் 127.0.0.53 என்பதும் அதே கணினிக்குள் இயங்கும் சேவைதான். எனவே அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பல்சக்கரக் குறியை அழுத்தி, ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸின் தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு எண்களைக் கொடுங்கள். இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்த்தபின், 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று தட்டிச் சரிபாருங்கள்.

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்கு கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய இரண்டையும் கொடுக்கலாம். கட்டணமில்லை, ஆபாசத் தளங்களையும் தீங்கான மென்பொருள் பரப்பும் தளங்களையும் இவை தடுக்கும். இரண்டாவது எண்ணாகக் கூகுளின் 8.8.8.8ஐப் போட்டுவிடாதீர்கள். முதல் சேவையகம் ஒருமுறை பதில் தராவிட்டால் கணினி இரண்டாவதற்குத் தாவி, அங்கேயே தங்கிவிடும். வடிகட்டி போய்விட்டது நமக்குத் தெரியாது. ஐபிவி6 பக்கத்திலும் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று கொடுங்கள். அதை விட்டால் அந்த வழியே எல்லாம் நுழையும். உலாவியின் 'செக்யூர் டிஎன்எஸ்' வசதி வேறு சேவையகத்திடம் கேட்கும்படி இருந்தால், நாம் செய்ததெல்லாம் வீண். அதையும் அணைத்துவிடுங்கள்.