உழைப்பே தானம்

1958-ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணாக்கருடன் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் ரொடியர். பௌத்தம் தழைத்த நாட்டிலேயே சாதியால் ஒதுக்கப்பட்டோர். சென்றவர் பொருளை ஈந்து திரும்பினாரல்லர். அவ்வூராருடன் தங்கினர், உண்டனர், உழைத்தனர். இதுவே சிரமதானம்.

சர்வோதய இயக்கமாக அது ஆயிரக்கணக்கான ஊர்களில் பரவியபோது, தாய்மாரும் இளைஞரும் உழவரும் குழுக்களாகக் கூடித் தத்தம் தேவையைத் தாமே ஆய்ந்து தீர்மானிக்கும் முறை வளர்ந்தது.

தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், சமமாக ஒழுகுதல் எனப் பகவன் அருளிய நான்கனுள், இறுதியானதே நமக்கு உரைகல். ஈபவன் மேலாகவும் ஏற்பவன் கீழாகவும் நிற்கும்வரை சாதி சாகாது. நம் சங்கத்தில் துடைப்பம் எடுப்பவர் யார், தலைமை இருக்கையில் அமர்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்போமாக.